இடது பின் சக்கரம் மட்டும்

என் வண்டி தரையோடு தரையாக ஓடும். வாங்கி ஒரு வருடம் கழித்து ஸ்பிரிங்குகளை மாற்றி அதை இரண்டு அங்குலம் இறக்கினேன். ஏன் இறக்கினாய் என்று கேட்டவர்களுக்கு ஆரம்பத்தில் பொறுமையாகக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். வளைவில் ஆடாது, சாலையைப் பிடித்துக்கொண்டு போகும் என்றெல்லாம். பிறகு அலுத்துவிட்டது. பார்க்க அழகாக இருந்தது, இறக்கினேன். நாற்பத்திரண்டு வயதில் ஒரு பெண்ணுக்கு ஆசைப்பட இதுதான் கிடைத்ததா என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. ஆமாம், இதுதான் கிடைத்தது.

வலியசாலை அக்ரஹாரத்தில் எங்கள் வீடு. வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அப்பா அரசாங்க அலுவலகத்தில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது தெரு சங்கத்துக்குச் செயலாளர், அதாவது பழைய வேலையையே சம்பளமில்லாமல் பார்க்கிறார். வண்டியை இறக்கிக் கொண்டுவந்த அன்று வாசலில் நின்று அதை மேலும் கீழுமாகப் பார்த்தார். "இனிமே இந்த வண்டியைப் பத்தி ஒன்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்றார். அது ஒரு வார்த்தைக்கு மேலேயே இருந்தது, ஆனால் நான் எண்ணிக் காட்டவில்லை.

இரண்டு வருடம் ஒரு தொல்லையும் இல்லை. நான்கு டயரும் ஒரே மாதிரி தேய்ந்தன, ஒன்றாகவே மாற்றினேன். அதற்கப்புறம் ஓணம் கழிந்து ஒரு நாள் காற்றடிக்கக் கிள்ளிப்பாலத்தில் டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். இடது பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து உள்பக்கம் விரலை விட்டுத் தடவினார்.

"அக்கா, இங்க பாருங்க. உள்பக்கம் கம்பி தெரியுதுல்லா. வெளிய பாத்தா புது டயரு மாதிரி இருக்கு."

குனிந்து பார்த்தேன். வெளி விளிம்பில் டயரின் வரிகள் அப்படியே இருந்தன. உள் விளிம்பு மொட்டையாகி, ரப்பர் கிழிந்து, உள்ளே இருக்கும் நூலும் கம்பியும் வெளியே வந்திருந்தன. அந்த டயரோடு முந்தின வாரம்தான் கொல்லம் போய் வந்திருந்தேன்.

"வண்டிய எறக்கினா பின்ன தேயாம என்ன செய்யும்? லோ வண்டி எல்லாத்துக்கும் இதான்."

"அப்போ வலது பக்கம் ஏன் தேயல?"

அவர் அந்தப் பக்கம் போய்த் தடவிப் பார்த்தார். சமமாக இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டே, "அதும் தேயும், கொஞ்சம் பொறுங்க" என்றார்.

பொறுமையில் நான் கெட்டி, ஆனால் இந்த மாதிரிப் பதிலுக்குப் பொறுத்துப்போகிற ஆளில்லை. பின்னால் இரண்டும் புது டயராக மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

செய்தி எனக்கு முன்னால் தெருவுக்கு வந்துவிட்டிருந்தது. அப்பா இரண்டு வருட மௌன விரதத்தை அன்றைக்கு முடித்துக்கொண்டார். "எல்லாரும் தலபாடா அடிச்சுண்டா. கேட்டியா? வண்டி பண்ணினவனுக்குத் தெரியாத ஒசரம் ஒனக்குத் தெரிஞ்சுடுத்தோ? அடுத்த உற்சவக் கொடியேத்துக்குள்ள இது பழைய ஒசரத்துக்கு வந்தாகணும். இல்லேன்னா இந்த ஆத்து வாசல்ல நிக்கப்படாது."

எங்கள் தெருவில் அவரவர் வாசல்தான் அவரவர் வண்டிக்கு இடம். வாசல் இல்லையென்றால் வண்டியை விற்க வேண்டியதுதான். அது அவருக்கும் தெரியும்.

"ஒசரம்தான் காரணம்னா நானே பழைய ஸ்பிரிங்கை மாட்டிடறேன்" என்றேன். "இல்லேன்னு நிரூபிச்சா, பரண்ல இருக்கற அந்த நாலு ஸ்பிரிங்கையும் நீங்க ஒங்க கையால கொண்டுபோய் இரும்புக்கடைல போடணும். சம்மதமா?"

"பேஷாப் போடறேன்" என்றார். ஜெயித்துவிட்ட முகம்.

நான் வழுதக்காட்டில் கட்டடங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சுவர் ஒரு பக்கம் விரிசல் விட்டால், வீடு உயரம் அதனால்தான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பார்ப்பார்கள். வண்டியில் மட்டும் ஏன் இந்த நியாயம் செல்லாது? இறக்கியது இரண்டு பக்கமும் ஒரே அளவு. நான் வைத்திருக்கும் ரகத்தில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சின் இரண்டு முனைகளில் இருக்கின்றன. ஒன்றைக் கெடுக்கும் உயரம் மற்றதை மட்டும் எப்படி விட்டுவைக்கும்?

வீல் அலைன்மென்ட் கடைக்குப் போனேன். கணினித் திரையில் மூன்று சக்கரங்கள் பச்சை, இடது பின் சக்கரம் மட்டும் சிவப்பு. "சேச்சி, பின்னில் அட்ஜஸ்ட்மென்ட் இல்ல. இறக்கிய வண்டியல்லே, அங்ஙனே வரும்" என்று மலையாளத்தில் சொல்லி, கடைக்காரர் அளவு அச்சடித்த காகிதத்தை நீட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். சிவப்பு ஏன் ஒன்றுதான் என்று கேட்க நான் வாய் திறந்தபோது அவர் வேறொரு வண்டிக்கு அடியில் இருந்தார்.

புது டயரிலும் இடது பக்கம் உள் விளிம்பு தேயத் தொடங்கியது. டயரிலேயே கோளாறாக இருக்கலாம் என்று பின் சக்கரங்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். இரண்டு மாதம் ஓட்டினேன். இடது பக்கம் வந்த டயர் உள்பக்கம் தேயத் தொடங்கியது. வலது பக்கம் போனதில் தேய்வு அத்தோடு நின்றது. டயர் மேல் குற்றமில்லை. ஸ்பிரிங்குகளையும் அப்படியே இடம் மாற்றிப் பார்த்தேன். அப்போதும் இடதுதான். தேய்ந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே தடவினால் ஒரு திசையில் வழுவழுப்பு, எதிர்த் திசையில் சொரசொரப்பு, பூனை முதுகைத் தலைகீழாகத் தடவுவது போல. சக்கரம் சாய்ந்து நின்றால் மட்டும் ரப்பர் இப்படி ஆகாது. நேராக உருளாமல், பாதத்தை அகட்டி நடக்கிறவன் மாதிரி, சக்கரம் வெளியே பார்த்துக்கொண்டு இழுபட்டால்தான் இப்படி ஆகும்.

சாலைக்கடையில் ஒரு உருண்டை நைலான் நூல் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு இரண்டு பக்கமும், முன்னாலும் பின்னாலும் நாற்காலி போட்டு, நூலை இழுத்துக் கட்டினேன். இரண்டு நூலும் வண்டிக்கு நேர் இணையாக வருகிற வரை நாற்காலிகளை நகர்த்தி நகர்த்தி முதுகு போய்விட்டது. எதிர்வீட்டு மாமி கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்று பார்த்தாள். "என்னடி இது, கல்யாணத்துக்குப் பந்தலா?" என்றாள். தெருவில் வந்தவர் போனவரெல்லாம் ஒரு வார்த்தை சொன்னார்கள். சொல்லட்டும் என்று அளந்தேன். வலது பின் சக்கரத்தில் நூலிலிருந்து முன் விளிம்பும் பின் விளிம்பும் ஒரே தூரம். இடது சக்கரத்தில் முன் விளிம்பு நூலுக்கு நான்கு மில்லிமீட்டர் நெருக்கம். அச்சின் இடது முனை வளைந்திருக்கிறது. உயரத்தால் இரும்பு வளையாது. எதுவோ, யாரோ வளைத்திருக்க வேண்டும்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டை முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினேன். பாயை விரித்துத் தெருவில் படுத்தேன். "பொம்மனாட்டி நடுத்தெருவில படுத்துண்டு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது, நான் எழுந்திருக்கவில்லை. அச்சின் முனையில், ஸ்பிரிங் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், பெயிண்ட் பட்டையாக உராய்ந்து போயிருந்தது. அந்தச் சந்தில் எதுவோ சிக்கியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன். கயிற்று நார். அதோடு சேர்ந்து, கிரீஸில் கறுத்துப்போன ஒரு சிவப்புத் துணிக் கிழிசல்.

அந்தச் சிவப்பு எனக்குத் தெரியும். ஓணத்துக்கு எங்கள் தெருவில் வடம்வலி உண்டு, இரண்டு கட்சியாகப் பிரிந்து தடிக்கயிற்றை இழுக்கும் போட்டி. அந்த வடம் வருடம் முழுக்க எங்கள் வீட்டு நடையில்தான் சுருட்டிக் கிடக்கும். நடுவைக் காட்ட அதில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். போன ஓணத்துக்கு வடத்தை எடுத்தபோது அந்தத் துணியைக் காணோம். எலி இழுத்திருக்கும் என்று சொல்லி, அப்பாதான் என் பழைய துப்பட்டாவைக் கிழித்துப் புதிதாகக் கட்டினார்.

பாயில் படுத்தபடியே கணக்குப் போட்டேன். ஓணத்துக்கு முன்னால் உற்சவம். சுவாமி எங்கள் தெரு வழியாகப் புறப்பாடு வரும்போது வாசலில் ஒரு வண்டியும் நிற்கக் கூடாது. அன்றைக்கு நான் சக ஊழியர் ஒருவரின் வண்டியில் வேலைக்குப் போயிருந்தேன். நாலு மணிக்குத் திரும்பி என் வண்டியை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன், வேலை இழுத்துவிட்டது. அது என் தப்பு, மறுக்கவில்லை. ஏழு மணிக்கு வந்தபோது வண்டி தெருமுனையில் நின்றது. யார் நகர்த்தியது என்று கேட்டேன். "எல்லாருமாத் தள்ளினோம்" என்றார்கள். நானும் நன்றி சொன்னேன்! அதை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

அதே ஞாயிறு பதினொரு மணிக்கு, வரப்போகும் உற்சவத்தைப் பற்றிப் பேச எங்கள் கூடத்தில் தெரு சங்கம் கூடியது. ஏழெட்டு மாமாக்கள். கிரீஸ் கையோடு உள்ளே போய் அந்த நாரையும் துணியையும் காபித் தட்டில், டம்ளர்களுக்கு நடுவில் வைத்தேன்.

"போன உற்சவத்துக்கு என் வண்டியைத் தள்ளினேளா, இழுத்தேளா?"

யாரும் காபியைத் தொடவில்லை. எதிர்வீட்டு மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "கியர்ல கிடந்தது, ஹேண்ட்பிரேக்கும் போட்டிருந்தது. தள்ளினா நகரலே. அதான் வடத்தைக் கட்டி... இருபது பேர் பிடிச்சோம். இடது பின்சக்கரம் தெருவோர ஓடைக்குள்ள எறங்கிடுத்து. கருங்கல்லுல மாட்டிண்டது. விடாமப் பிடிச்சு வலிச்சோம், கேட்டியா, வந்துடுத்து." கொஞ்சம் பெருமைகூட இருந்தது குரலில். பிறகு அப்பாவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முடிச்சு போட்டது ஒங்கப்பாதான்."

அப்பா நிமிரவில்லை. "சுவாமி கோவில் வாசலைத் தாண்டியாச்சு. மேளம் கேக்கறது. வண்டி குறுக்க நிக்கறது. என்ன பண்ணச் சொல்றே?"

"பீரோ சாவியோட கொத்திலேயே வண்டி சாவியும் ஒண்ணு தொங்கறது. மூணாவது ஆத்துப் பையனுக்கு ஓட்டத் தெரியும். என்கிட்ட ஒரு போன் பண்ணியிருந்தா சொல்லியிருப்பேனே அப்பா."

ஏன் பண்ணவில்லை என்று எனக்குத் தெரியும். போன் பண்ணினால் அந்த வண்டியைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக இருபது பேரைக் கூட்டி வடம் வலித்திருக்கிறார். சக்கரம் கல்லில் மாட்டியதைக் கண்ணால் பார்த்தும், உயரம் உயரம் என்று எல்லோரையும்விட உரக்கச் சொன்னவரும் அவரே. கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. அவர்கள் முன்னால் அழ நான் தயாராக இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அச்சை மாற்றினேன். அதே உயரம், அதே ஸ்பிரிங். அலைன்மென்ட் கடையில் நான்கும் பச்சையாக வந்த காகிதத்தை வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அப்பா மோர் எடுக்க வரும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். மூன்றாம் நாள் காலை பரணில் சத்தம் கேட்டது. நான்கு ஸ்பிரிங்குகளையும் இரண்டு காய்கறிப் பைகளில் போட்டு, பக்கத்துக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு அப்பா படியிறங்கினார். எழுபத்துமூன்று வயது. நடுவில் இரண்டு தடவை பையைக் கீழே வைத்து மூச்சு வாங்கினார். கொண்டாங்கோ, நான் தூக்கறேன் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. தூக்கட்டும் என்று வாசலில் நின்று, தெருமுனை திரும்பும் வரை பார்த்தேன்.

இந்த வருட உற்சவத்தன்று வேண்டுமென்றே வண்டியை வாசலில் விட்டுவிட்டு பஸ்ஸில் அலுவலகம் போனேன். மூன்றரை மணிக்குப் போன் அடித்தது.

"வண்டி நிக்கறது" என்றார் அப்பா. "நீ வந்து எடுக்கறியா?"

ஆட்டோ பிடித்துப் போனேன். தெருவில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாகிவிட்டது. மாமாக்கள் எல்லோரும் வண்டியிலிருந்து நாலடி தள்ளி நின்றார்கள். இடது பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், யாரையும் அண்டவிடாமல், அப்பா நின்றுகொண்டிருந்தார். நான் ஏறி உட்கார்ந்ததும் முன்னால் போய், ஓடையின் பக்கம் முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையாலும் வா, வா என்று காட்டினார்.

"பாத்து வா. தாழ்ந்த வண்டி, கல்லு தட்டிடும்" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

தட்டவில்லை. எவ்வளவு தாழ்வு என்று எனக்குத் தெரியும்.