கசியானோ வாசலில் ஓர்ச்சாத்தா

வஹாக்கா நகரத்தின் ஹலத்லாக்கோ பேட்டையில் பெலாகியா கரைத்த ஓர்ச்சாத்தாவைப் பற்றி இன்னும் கதை சொல்கிறார்கள். விறகு சுமந்து வந்த கழுதை ஒன்று, அவள் வாசலில் அந்த அரிசிப்பாலை ஒரு மடக்கு உறிஞ்சிவிட்டு நடுத்தெருவில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டதாம். எழுப்பப் போன சொந்தக்காரனும் ஒரு கோப்பை குடித்தான். கழுதைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அந்த விறகு எந்த அடுப்புக்கும் போய்ச் சேரவில்லை.

பெலாகியா செத்துப்போன பிறகு இது முதல் தவக்காலம். நான்காவது வெள்ளியன்று, ஏசு கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டதை நினைத்து, ஊரே வாசலில் பானை வைத்து வருவோர் போவோருக்கெல்லாம் காசு வாங்காமல் வார்க்கும். அவள் கணவர் கசியானோவும் வைத்தார்.

பஸ் ஓட்டி ஓய்ந்த மனிதர். மனைவி போனதிலிருந்து அவர் பேசியதெல்லாம் பூனையோடுதான். பூனையும் கேட்டுக் கேட்டுச் சலித்து, எதிர்வீட்டுத் தையற்காரி தொமித்திலாவோடு குடிபோய்விட்டது.

அவள் இருந்த நாளில் ஜனங்கள் இரண்டாவது கோப்பைக்காக வாசலை விட்டு நகரமாட்டார்கள். கோப்பைக்குக் கோப்பை பேச்சு வளரும். இன்று ஒரே ஒருவர் இன்னொரு கோப்பை கேட்டால் போதும் என்று கசியானோ தீர்மானித்திருந்தார். கேட்காவிட்டால், பானையைக் கோவிலுக்குக் கொடுத்துவிட்டுத் தூரத்துத் திஹுவானா நகரில் மகள் வீட்டு மூலையில் போய் ஒடுங்கிவிடுவது.

அரிசியையும் பட்டையையும் பெலாகியாவின் அளவிலேயே ஊறவைத்து மில்லில் கொடுத்து அரைத்து, துணியில் வடிகட்டினார். சப்பாத்திக் கள்ளிப் பழத்தின் சிவப்புச் சாறு, முலாம்பழத் துண்டு, பாதாம் எல்லாம் போட்டார். ஐஸ் உடைத்துக் கொட்டியபோது கோவில் மணி அடித்தது. வாசலில் ஆள் நின்றது. ருசி பார்க்கவில்லை. ஊர் குடித்த பிறகுதான் வீட்டார் வாயில் வைக்கவேண்டும் என்பது பெலாகியாவின் சட்டம்.

வந்தவர்கள் குடித்தார்கள். "கடவுள் உங்களுக்குப் பலன் குடுப்பாரு, ஐயா!" என்றார்கள். கோப்பையைக் கொடுத்துவிட்டு, எதையோ மறந்துவிட்ட மாதிரி வேகமாக நடந்தார்கள்.

"இன்னொரு கோப்பை?"

"வயிறு முட்டிருச்சுங்க!"

பீப்பாய் வயிற்று ரொட்டிக்கடைக்காரர் எவரிஸ்தோவைக் கையோடு பிடித்தார். "நீயாவது இன்னொண்ணு குடியேன்."

"இன்னைக்கு விரதம், அண்ணே."

"கையில என்னடா?"

எவரிஸ்தோ பாதி கடித்த ரொட்டியைப் பார்த்தார். "இது... விரதம் முடிஞ்சதும் திங்கறதுக்கு" என்று சொல்லிவிட்டு நழுவினார்.

வெயில் சாய்ந்தது. எதிர்வரிசையில் எல்லோரும் பானையைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. இவர் பானையில் ஐஸ் கரைந்து கழுத்துவரை ஏறி நின்றது. வாசல் வளைவில் கட்டிய போகன்வில்லாப் பூக்கள் வாடித் தொங்கின. கசியானோ அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார்.

அப்போது பூனையை இடுக்கிக்கொண்டு தொமித்திலா வந்தாள். அவள் இந்த வாசலில் குடித்துப் பல வருஷமாயிற்று. 'பெலாகியா பட்டையை அள்ளிக் கொட்டுகிறாள்' என்று எப்போதோ சொல்லப்போய், பெலாகியா சாகும்வரை இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தவர்கள்.

"கேட்டா இல்லைங்கக் கூடாத நாளு. ஊத்துங்க."

ஊற்றினார். ஒரு வாய் வைத்தவள் அதைத் தெருவில் துப்பினாள்.

"என்னய்யா இது, சுண்ணாம்பா? செவுத்துக்கு அடிக்கவா கரைச்சீங்க?"

"எல்லாரும் வாழ்த்திட்டுத்தானே போனாங்க..."

"தானமாக் குடுக்கறதை யாராச்சும் நொட்டை சொல்லுவாங்களா? சர்க்கரை எங்கய்யா?"

கசியானோ பானைக்குள் எட்டிப் பார்த்தார். ஐஸ் உடைப்பதோடு அவர் வேலை எப்போதும் முடிந்துவிடும். சர்க்கரை கடைசியில், பெலாகியாவின் கை. இத்தனை வருஷத்தில் அவள் போட்டதை அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

அலமாரியில் சர்க்கரைப் பை இருந்தது. கழுத்தில் நூல் முடிச்சு; அவள் கடைசியாகப் போட்டது. வாசலுக்குக் கொண்டுவந்தார். விரல் முடிச்சைத் தொட்டது. அவிழ்க்க மனசு வரவில்லை.

தொமித்திலா பையைப் பிடுங்கிப் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். கொட்டினாள், கலக்கினாள், குடித்தாள்.

"பட்டை ஜாஸ்தி. அவளே வந்து கலக்கின மாதிரி."

பிறகு கோப்பையை மறுபடி நீட்டினாள். "என்ன பாக்கறீங்க? ஊத்துங்க."

அவர் அவசரமாகச் சாய்த்ததில் பாதி கோப்பையிலும் பாதி பூனையின் தலையிலும் விழுந்தது.

"பூனையை நீங்களே வெச்சுக்குங்க. ராத்திரியெல்லாம் இந்தக் கதவைப் பாத்துக் கத்துது" என்றாள் போகும்போது. பூனை உடம்பை நக்கி முடித்துவிட்டு, நிதானமாக அவள் பின்னாலேயே போயிற்று.

தெருவில் யாரும் இல்லை. கசியானோ பானையைக் கோவில் பக்கம் தூக்கவில்லை. நடைக்குள் இழுத்து, அதன் பழைய மூலையில் வைத்தார். தமக்கென்று முதல் கோப்பை எடுத்து, மெல்லக் குடித்தார். இத்தனை வருஷம் எப்படித் தெரியாமல் போயிற்று?

"பட்டை ஜாஸ்திதான், பெலாகியா" என்றார், காலி நாற்காலியைப் பார்த்து.