ஐப்பசியில் மலைக்குப் போனோம்

எனக்கு எட்டு வயது. ஓர் ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை காலையில், மதுரை கே.கே. நகரில் எங்கள் வீட்டு வாசலில் மாமா காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அம்மாவின் தம்பி அவர், எழுமலையில் விவசாயம்.

"கிளம்புங்க மச்சான், மலைக்குப் போயிட்டு வருவோம். பிள்ளைக்கும் லீவுதான?"

அடை மழைக்காலத்தில் மலையில் என்ன இருக்கிறது என்று அம்மாவும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. எங்கள் நாலு பேரில் எனக்கு மட்டும்தான் அது சுற்றுலா.

அதற்கு முந்தின வருடம் அக்கா வீட்டைவிட்டுப் போயிருந்தாள். சென்னையில் வேலை கிடைத்துவிட்டது என்று எனக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். அவள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனதும், கொடைக்கானலுக்குப் போகும் வழியில் ஒரு சின்ன ஊரில், ஸ்வெட்டர் கடையில் அவளைப் பார்த்ததாகக் காய்கறி லாரிக்காரர் ஒருவர் மாமாவிடம் சொன்னதும் எனக்கு வெகுகாலம் கழித்தே தெரியவந்தது.

வத்தலக்குண்டு தாண்டி மலையேறும்போது, டிரைவர் சீட்டுக்கு அடியில் என் கால் எதிலோ இடித்தது. துண்டில் சுற்றிய அரிவாள்.

"எதுக்கு மாமா இது?"

"இளநி வெட்டத்தான் தாயி."

நானும் சன்னல் வழியே தென்னை மரம் தேடிக்கொண்டு வந்தேன். முன்சீட்டிலிருந்த அப்பா ஒருமுறை திரும்பி அந்தத் துண்டைப் பார்த்தார்.

கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்து அம்மா துவண்டுபோயிருந்தாள். அந்தச் சின்ன ஊரின் கடைத்தெருவில் எதிரே வருபவர் முகம் தெரியாத பனிமூட்டம். "நீங்க அந்தப் பக்கம் பாருங்க மச்சான். நான் இந்தப் பக்கம் பாத்துட்டு வாரேன்" என்று மாமா இறங்கினார். நடுங்கிக்கொண்டிருந்த என்னை அப்பா கூட்டிக்கொண்டு போனார்.

மூன்றாவதோ நான்காவதோ கடையில் அக்கா நின்றாள். நன்றாகக் குண்டாகியிருந்தாள், வயிறு முன்னால் தள்ளியிருந்தது. நான் "அக்கா" என்று வாயைத் திறப்பதற்குள், அப்பா தொங்கிய ஸ்வெட்டர் ஒன்றை உருவி என் தலைவழியாக மாட்டினார். கம்பளிக்குள் தலை சிக்கி நான் திணறிய நேரத்தில் அவர் அவளிடம் ஏதோ வேகமாகச் சொன்னார். தலை வெளியே வந்தபோது அக்கா அழுதுகொண்டே விளக்கை அணைத்துக்கொண்டிருந்தாள்.

தெருவில் அப்பா குனிந்து என் தோளை இறுக்கிப் பிடித்தார். "அக்காவப் பாத்தத யார்ட்டயும் சொல்லக் கூடாது. அம்மாட்டகூட. சொன்னா அக்கா இருக்க மாட்டா." வேலை போய்விடும் போலிருக்கிறது என்று நினைத்துத் தலையாட்டினேன்.

காருக்குள் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "இருந்தாளா?"

"இல்ல. அது வேற யாரோ."

திரும்பி வந்த மாமா என்னையே பார்த்தார். "நீ பாத்தியா தாயி, அக்காவ?"

"இல்ல மாமா."

மறுவாரம் அப்பா பஸ் ஏறித் தனியாகப் போய் வந்தார். கடையில் வேறு ஒருத்தி இருந்தாளாம். அக்கா அவர் சொன்னபடியே போய்விட்டாள். எங்கே என்று அவருக்கும் தெரியாது. இன்றுவரை தகவல் இல்லை. அம்மா சில வருடங்களில் படுத்து, எதுவும் தெரியாமலேயே போய்ச்சேர்ந்தாள். கடைசி நாட்களில், வருகிற நர்ஸையெல்லாம் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அப்போதுகூட அப்பா சொல்லவில்லை. ஏனென்று ஒருநாள் கேட்டேன். "தம்பிகிட்ட எதையும் மறைக்கத் தெரியாதும்மா அவளுக்கு" என்றார்.

அன்று மலையிறங்கும்போது அம்மா என் தோளில் முகம் புதைத்து அழுதுகொண்டே வந்தாள். "உசுரோட இருக்காளான்னுகூடத் தெரியலயே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டுக்குப் போனதும் அப்பா எல்லாம் சும்மா சொன்னது என்று சொல்லிவிடுவார், அம்மா அவரை அடிக்க ஓடுவாள் என்று நினைத்துக்கொண்டு, அவர் எப்போது திரும்பிக் கண்ணடிப்பார் என்று மதுரை வரும்வரை அவர் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.