அம்புஜம் அக்காவின் இடது கால்

செருப்பு இரண்டையும் ஒன்றோடொன்று தட்டி, கவிழ்த்து உதறி, உள்ளே கையை விட்டுத் துழாவி, அதுவும் போதாதென்று வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார் அம்புஜம் அக்கா. அப்புறம் சின்னக் கண்ணாடியொன்றைத் தரையில் வைத்து, அதன்மேல் பாதத்தைத் தூக்கிக் காட்டுவார். குதிகால், ஓரம், விரலிடுக்கு என்று ஒன்று விடாமல் பார்த்தாக வேண்டும். வெட்டு இருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா? எதிரே என் வீட்டு வாசலில் நின்று தினமும் இந்தக் கூத்தை ரசித்துவிட்டுத்தான் நான் கடை திறக்கப் போகிறேன்.

"ஊர்ல எல்லாரும் கண்ணாடியில மூஞ்சியப் பாப்பாங்க. இவ பாதத்தப் பாக்குறா" என்பார் அவர் கணவர் குருமூர்த்தி.

"உங்க மூஞ்சியப் பாக்குறதுக்கு என் பாதம் எவ்வளவோ தேவலாம்!" பதில் உடனே வந்துவிடும். வாயில் மட்டும் எந்த நரம்பும் பழுதாகவில்லை.

அக்காவுக்குப் பீங்கான் பட்டறையில் வேலை. கூழாகக் கரைத்த களிமண்ணை, அவர்கள் பேச்சில் 'ஸ்லிப்பு', குவளையால் மொண்டு பொம்மை அச்சுகளில் ஊற்றுவார். இறுகியதும் அச்சைப் பிரிப்பார். அங்கே பிறக்கிற பிள்ளையார்களில் பாதி என் கடைக்குத்தான் வருகிறார்கள். சர்க்கரை நோய் வந்து வருஷக்கணக்காயிற்று. மாத்திரையை நினைத்தால் போடுவார், நினைக்காவிட்டால் விடுவார். பெண்ணாடத்தில் தம்பிக்குக் கரும்புக் கொல்லை. "அவன் ஊருக்கெல்லாம் சக்கரை குடுக்குறான், எனக்கு ரத்தத்துலயே குடுத்துட்டான்" என்று சிரித்தே காலத்தை ஓட்டினார். கால் மரத்துக்கொண்டே வந்ததை யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரியில் பாதம் எரியும், விடிந்தால் ஐஸில் வைத்ததுபோல் விறைக்கும்.

போன மார்கழியில்தான் வினை வந்தது. சூளையைத் திறந்ததும் உள்ளே பொம்மைகளுக்கு அடியில் அடுக்கியிருந்த தட்டைக்கற்களை எடுத்து வெளியே போடுவார்கள். அந்தக் கற்களின் சூட்டில் சாப்பாட்டு டப்பாவை வைத்துச் சோற்றைச் சுடவைத்துக்கொள்வது பட்டறைப் பெண்களின் வழக்கம். கால் குளிர்கிறதே என்று அக்கா டப்பாவுக்குப் பக்கத்தில் தன் இடது பாதத்தையும் வைத்துவிட்டார். கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வைத்தாராம். விரல்நுனியும் மரத்துப்போயிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? கூட வேலை செய்யும் லீமாதான் ஓடிவந்தாள்.

"யக்கா, காலு பொசுங்குதுக்கா!"

"என் காலா? சோத்த இல்ல பாத்துக்கிட்டு இருக்கேன்!" என்றாராம் இவர். இதைச் சொல்லிச் சொல்லி அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்கு இன்றுவரை சிரிப்பு வந்ததில்லை.

அந்தப் புண் ஆறுவதற்குள் குடும்பமே படாதபாடு பட்டது. சுண்டுவிரலை எடுக்க வேண்டிவரும் என்றுகூட ஒரு பேச்சு. அதிலிருந்து அக்கா ஆளே மாறிவிட்டார். வேளைக்கு ஊசி, வேளைக்குச் சாப்பாடு, சாயங்காலம் தெருக்கோடி வரைக்கும் நடை. செருப்போடு வாசற்படி ஏறியதற்காக ஒருகாலத்தில் என்னைக் கிழிகிழியென்று கிழித்தவர், இப்போது சர்க்கரைக்காரர்களுக்கென்று ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த மெத்து மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்போடு அடுப்படியிலேயே நிற்கிறார். சாமி அலமாரிக்கு முன்னால் மட்டும் சாக்ஸ். "சாக்ஸ் போட்டா கும்புட்டது சேராதா கயலு? சாமி இன்னா போலீஸா?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்.

ராத்திரி எரிச்சல் வெகுவாகக் குறைந்துவிட்டது. வலது காலில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. இடது கால்தான் வாய் திறக்க மாட்டேன் என்கிறது. பெரியாஸ்பத்திரியில் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டிருக்கிறார் டாக்டரம்மா. அக்கா எல்லாவற்றுக்கும் "தெரியுது, தெரியுது" என்றிருக்கிறார். டாக்டரம்மா இழையைக் கீழே வைத்துவிட்டு, சும்மா கையைக் கட்டிக்கொண்டு "இப்ப?" என்று கேட்டாராம். "ஓ, நல்லாத் தெரியுதுங்க டாக்டர்!" அறை முழுக்கச் சிரிப்பு. வீட்டுக்கு வந்தபிறகு அக்கா என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்தக் காலு வருமான்னு கேட்டேன். வந்தாலும் வரலாம், வராமயும் போவலாம், புண்ணு மட்டும் வராம பாத்துக்கங்கன்னுட்டாங்க. எங்காலு எனக்கே அன்னியமாப் பூடுச்சு கயலு." அன்று மட்டும் அவர் சிரிக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை பொம்மை எடுக்கப் பட்டறைக்குப் போயிருந்தேன். அக்கா அச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, லீமா ஊற்றிக்கொண்டிருந்தாள். பேச்சு சுவாரசியத்தில் குவளை சாய்ந்து, ஸ்லிப்பு அக்காவின் வலது கால்மேல் கொட்டியது.

"ஐயோ, ஜில்லுங்குதுடி சனியனே!" என்று துள்ளினார் அக்கா.

லீமாவுக்கு அடக்க முடியாத சிரிப்பு. எனக்கும்தான். ஆனால் அக்கா அப்படியே நின்று வலது காலைப் பார்த்தார், இடது காலைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, இடது செருப்பின் வாரை அவிழ்த்து, காலை நீட்டினார்.

"இதுலயும் ஊத்து."

"யக்கா, மொதலாளி பாத்தா..."

"ஊத்துடின்றேன்!"

லீமா சிரிப்பை விட்டுவிட்டு மெதுவாக ஊற்றினாள். வெள்ளைக் கூழ் பாதத்தின்மேல் வழிந்து விரலிடுக்குகளில் இறங்கியது. ஏதாவது சொல்லுங்களேன் அக்கா என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன். கட்டைவிரலில் ஒன்றுமில்லை. நடுவிரலில் ஒன்றுமில்லை. கூழ் சுண்டுவிரல் ஓரத்துக்கு வந்தபோது அவர் நெற்றி சுருங்கியது.

"இங்க... இந்த ஓரத்துல... லேசா இருக்குதுடி."

"நெசமாவாக்கா?" என்றாள் லீமா.

அக்கா கண்ணில் தண்ணீர் முட்ட, அவள் கையிலிருந்த குவளையைப் பிடுங்கித் தொட்டியில் முக்கி, விளிம்பு வழிய மொண்டு, மறுபடி அவளிடமே நீட்டினார்.