புருல் அக்கா திருப்பிக் கொடுத்த வெள்ளைக் கார்

எங்கள் மலையூர் கொச்கோரில் வெள்ளைக் கார்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் மலைப் பக்கமிருந்து ஒன்று தெருவுக்குள் திரும்பினால் போதும், கைவேலையைப் போட்டுவிட்டு ஓட்டுகிற ஆளை எட்டிப் பார்க்கிறேன். புருல் அக்கா ஊரைவிட்டுப் போன பிறகும் இந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

புருல் அக்கா எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரர் மெதெரின் அண்ணனைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னாலேயே இந்த வீட்டுக்கு வந்தவர். குதிரை வளர்த்தவரின் மகள். அண்ணன் லாரி ஓட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து போய்ப் போயே அக்காவும் ஓட்டக் கற்றுக்கொண்டார். அண்ணன் இறந்தார், லாரியும் கைவிட்டுப் போயிற்று. அக்கா அழ வேண்டியதை அழுது முடித்துவிட்டு, தலைநகர் பிஷ்கெக்குக்குப் பஸ் ஏறினார். கார்களைக் குத்தகைக்கு விடும் ஒரு கம்பெனியில் கையெழுத்துப் போட்டு, வெள்ளைக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

ஊர் வாயைப் பிளந்தது. பொம்பளை ஓட்டுகிற டாக்சியில் ஏறி டோலோன் கணவாயைத் தாண்ட எவனுக்குப் பைத்தியம் என்றார்கள். அடுத்த பனிக்காலத்தில் அதே ஆட்கள்தான், புருல் வந்தால்தான் ஏறுவேன் என்று டாக்சி நிற்கிற இடத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அப்போது தலைகால் புரியாத பெருமை. அதை அவரிடம் சொன்னேனா என்றால் இல்லை. குதிரைப்பால் கேனை ஒழுங்காக மூடி வையுங்கள், கார் புளித்து நாறுகிறது என்று மட்டும் தினமும் சொன்னேன்.

மூன்று வருடம் அந்தக் காரில் எங்கள் ஊரே போய் வந்தது. யாரோ ஓர் ஆட்டுக்கிடாவைப் பின்சீட்டில் ஏற்றியதில் அதன் கொம்பு சீட்டைக் கிழித்தது. கணவாயில் லாரிச் சக்கரத்திலிருந்து தெறித்த கல்லால் முன்கண்ணாடி விரிசல் விட்டது. பின்பக்க பம்பரின் கதை வேறு. ஒரு கல்யாணப் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு ஏற்றிப் போகும்போது, பாதி வழியில் அவள், "எனக்கு வேணாம் அக்கா, வீட்டுக்கே கொண்டுபோய் விட்டுடுங்க" என்றிருக்கிறாள். அக்கா ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. வண்டியைத் திருப்பிவிட்டார். மாப்பிள்ளையின் சித்தப்பன்மார் மறுநாள் வந்து உதைத்த உதையில் பம்பர் ஒரு பக்கம் தொங்கிப்போனது. அக்கா அதைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

குத்தகை முடிகிற நேரம் வந்தபோதுதான் காரைச் சுற்றி வந்து சேதங்களை எண்ணினோம். கொடுத்த மாதிரியே கார் திரும்பி வர வேண்டும், ஒவ்வொரு பாகமும் அந்த மாடலின் ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்பது கம்பெனியின் சட்டம். அப்படி வந்தால் புதிதாக இன்னொரு கார் கொடுப்பார்கள். வராவிட்டால் அதோடு சரி, அக்கா வீட்டில் உட்கார வேண்டியதுதான். அண்ணன் இறந்த பிறகு அவர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்த அந்த வருடத்தை நான் மறக்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆறிப்போன டீயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மெதெருக்கு மெக்கானிக் வேலை. முற்றத்திலேயே காரைப் பிரித்தார். பாகங்கள் வாங்க நாங்கள் மூவரும் பிஷ்கெக் போனோம். கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டிகளையே கடைகளாக அடுக்கிய சந்தை அது. உடைத்த கார்களின் கதவும் கண்ணாடியும் மலையாகக் கிடக்கும். அக்கா பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் கேட்டார்:

"இது இருந்த கார்ல யாராவது செத்தாங்களா தம்பி?"

"ஜப்பான்ல இருந்து வந்ததுக்கா. செத்திருந்தாலும் ஆவி ஜப்பான் மொழிதான் பேசும். உங்களுக்குப் புரியப்போறதில்ல."

"புரியாட்டி இன்னும் பயமா இருக்குமேப்பா. வேற காட்டு."

"அண்ணி, இப்படிப் பார்த்தா பம்பர் இல்லாமத்தான் வண்டியைக் குடுக்கணும்" என்று மெதெர் தலையில் அடித்துக்கொண்டார். கடைக்காரர் யாரும் சாகவில்லை என்று தன் அம்மா மேல் சத்தியம் செய்த பிறகே அக்கா வாங்கினார்.

சீட்டு உறை மாறியது, கண்ணாடி மாறியது, பம்பர் மாறியது. கழற்றிய ஒவ்வொன்றையும் அக்கா கையில் வாங்கி, அதன் கதையைச் சொல்லிவிட்டுத்தான் கீழே வைப்பார். "கதையெல்லாம் ராத்திரி சொல்லுங்க, இப்ப அந்த ஸ்பானரை எடுங்க" என்று நான் விரட்டுவேன். பழைய பம்பரை அக்கா கோழிக் கூண்டுக்குத் தடுப்பாக வைத்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

ஒப்படைக்கிற அன்று நானும் கூடப் போனேன். கம்பெனி வாசலில் காரை நிறுத்திவிட்டு, உள்ளே போய் ஆளைக் கூப்பிடு என்று என்னை அனுப்பினார். உர்மத் என்று ஒருவர் வந்தார், மடிப்புக் கலையாத சட்டை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாமியார் மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பம்பரைத் தட்டினார், சீட்டை மோந்தார். குதிரைப்பால் வாடைகூட இல்லை; அதற்காக நான் தேய்த்த தேய்ப்பு எனக்குத்தான் தெரியும். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்து கியரில் கை வைத்தவர், சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

கியரின் தலையில் உருண்டை இல்லை. மொட்டைக் கம்பி நின்றது.

"இது எங்கேக்கா?"

அக்கா வானத்தைப் பார்த்தார். அவர் கோட்டுப் பை புடைத்திருந்ததை நான் பார்த்துவிட்டேன்.

"அக்கா, நீங்களா கழட்டினீங்க?" என்றேன்.

"எங்கப்பா குதிரையை விக்கிறப்போ, அது வாயைச் சட்டை நுனியால துடைச்சுக்கிட்டுத்தான் அனுப்புவாரு. அந்த எச்சில் நம்ம கிட்ட இருந்தாத்தான் வீட்டோட யோகம் குதிரை பின்னாடியே போகாது. காருக்கு ஏதுடி எச்சில்? மூணு வருஷமா என் கை பட்டது இதுலதான்."

"இது குதிரை இல்லக்கா" என்றார் உர்மத். அவர் குரலில் கோபம் இல்லை. "ஒரு ஒரிஜினல் பாகம் குறைஞ்சாலும் நான் கையெழுத்துப் போட முடியாது. அடுத்த காரும் கிடைக்காது."

"வேற உருண்டை வாங்கித் தரேன்."

"இன்னிக்கே கணக்கை முடிக்கணும்கா. இதுதான் வேணும்."

அக்கா பையைக் கையால் பொத்திக்கொண்டார். அவர் விட மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணப் பெண்ணுக்காக வண்டியைத் திருப்பிய அதே பிடிவாதம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்க்கா, உங்கப்பா குதிரை வாயைத் துடைச்சாரா, இல்ல அறுத்து எடுத்துட்டு வந்தாரா?"

உர்மத் இருமினார். அக்கா என்னை முறைத்தார். முறைப்பு மெல்ல மெல்ல இறங்கியது. பையிலிருந்து உருண்டையை எடுத்து, காருக்குள் குனிந்து, தானே திருகி மாட்டினார். பிறகு தலைத்துணியை அவிழ்த்து அதன் நுனியால் உருண்டையைத் துடைத்தார். அவசரமே இல்லாமல், மேலே, அடியில், விரல் பதிகிற பள்ளத்தில். அவர் துடைத்து முடிக்கும்வரை உர்மத் ஏற்கெனவே பார்த்த டயரை மறுபடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

புதுக் கார் கிடைத்தது. சாம்பல் நிறம். ஊர் திரும்பும் வழியெல்லாம் உருண்டையைத் துடைத்த துணி அக்கா மடியில் மடித்தபடி இருந்தது. அந்தக் காரையும் சில வருடம் ஓட்டினார். அதற்குள், வெளிநாட்டில் கசான் நகரத்தில் வேலை பார்க்கும் அவர் மகளுக்குக் குழந்தை பிறந்து, அம்மா வந்தே ஆக வேண்டும் என்றாள். அக்கா வீட்டை என் பொறுப்பில் விட்டுவிட்டுக் கிளம்பினார். எப்போது திரும்புவார் என்பது தெரியாது.

விமான நிலையத்துக்கு மெதெர்தான் எங்களை ஏற்றிப் போனார். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போக, நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றோம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. பூட்டு, கோழி, அடுப்புக் கரி என்று என்னென்னவோ பேசினோம். இந்த மனுஷி இல்லாமல் அந்த வீட்டில் நான் யாரைத் திட்டுவேன்? என்ன செய்கிறேன் என்று தெரியாமலே என் தலைத்துணியின் நுனியை எடுத்து அவர் கன்னத்தைத் துடைத்தேன்.

"என்னடி பண்றே? நான் என்ன விக்கிற குதிரையா?"

"இல்லக்கா. முகமெல்லாம் வேர்வை."

விழுகிற பனியை அக்கா ஒரு தடவை பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு முகத்தை மெல்லத் திருப்பி, இன்னொரு கன்னத்தையும் காட்டினார்.

"இந்தப் பக்கமும் துடைச்சுக்கோ."