லில்லிப் பூ

யொனாகோ ஊரில் பூனை வளர்ப்பவர்கள் கால்நடை டாக்டர் குகாவின் கைராசியை மெச்சுவார்கள். அந்த அம்மாளின் வாய்க்கு நடுங்குவார்கள். மழுப்பிப் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். பூனையால் வாய்விட்டுச் சொல்ல முடியாது, சொல்ல முடிந்த மனிதர்களும் ஒழுங்காகச் சொல்வதில்லை என்று எரிந்து விழுவார்.

ஷிபுகி அம்மாள் தூக்கிக்கொண்டு வந்த பூனை மொனாகா வாந்தி எடுத்து ஓய்ந்துபோயிருந்தது. ரத்தத்தைச் சோதித்தால் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருந்தது. இளம் பூனைக்கு இப்படித் தானாக வராது.

"எதையாவது நக்குச்சா? வீட்டுல பூ இருக்கா, லில்லி மாதிரி?"

"பூவே வாங்கறதில்ல டாக்டரம்மா. பூனை இருக்கற வீடாச்சே."

டாக்டர் நம்பிவிட்டார். குளுக்கோஸ் ஏற்றிவிட்டு வேறு காரணங்களைத் தேடியதில் ஒரு நாள் வீணானது. மறுநாள் சொட்டுச் சிறுநீர்கூட இறங்கவில்லை. பூனையைப் புரட்டிப் படுக்கவைத்தபோதுதான் காதுக்குப் பின்னால் ரோமத்தில் ஒட்டியிருந்த செம்மஞ்சள் லில்லி மகரந்தம் கண்ணில் பட்டது. நக்கினாலே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் விஷம் அது.

"பூ இல்லேன்னீங்களே. இது என்ன, கறிப்பொடியா?"

ஷிபுகி அம்மாளின் முகம் வெளுத்தது. "புத்தர் மாடத்துல இருக்கு. அது போன வாரம் செத்துப்போன எங்க பெரிய பூனைக்கு வச்சது. அதை வீட்டுப் பூன்னு நான் நெனைக்கல."

"சாமி மாடத்துல வச்சா விஷம் முறிஞ்சுடுமா? நேத்தே சொல்லியிருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்கு அனுப்பியிருப்பேனே! பூனை வீட்டுக்கு லில்லி குடுத்த அந்த அறிவுகெட்ட ஜென்மம் யாரு?"

ஷிபுகி அம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீங்கதான் அனுப்பிச்சீங்க. உங்க ஆஸ்பத்திரி பேரு போட்டு வந்துச்சு. எவ்வளவு நல்ல மனசுன்னு அழுதுட்டேன்."

இங்கே வைத்தியம் பார்த்த பிராணி இறந்தால் வரவேற்பறைப் பெண் பூக்கடைக்குப் போன் செய்து அந்த வீட்டுக்கு அஞ்சலிப் பூ அனுப்பச் சொல்வது வழக்கம். என்ன பூ போகிறது என்று டாக்டர் ஒரு நாளும் கேட்டதில்லை. ஊரையெல்லாம் கேள்வி கேட்டுத் துளைத்தவருக்குத் தன் ஆஸ்பத்திரிக்குள் கேட்கத் தோன்றவில்லை. தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் மொனாகா போய்விட்டது. ஷிபுகி அம்மாள் இடுப்பு வளையக் குனிந்து நன்றி சொன்னார்.

"குனியாதீங்க. என்னைத் திட்டுங்க, ஷிபுகி அம்மா" என்றார் டாக்டர் கடுகடுப்பாக.

ஷிபுகி அம்மாள் காலிக் கூடையை எடுத்துக்கொண்டார்.

"இந்தத் தடவை லில்லியே அனுப்பலாம் டாக்டரம்மா. வீட்டுல இனிமே பூனை இல்ல."