டிரைவுக்கு வைத்த பொட்டு

அப்பா லாப்டாப்பைத் திட்டிக்கொண்டிருந்த வரைக்கும் எனக்குப் பயமில்லை. அது திருப்பிக் கதைக்காது என்று கண்டதும் என் பக்கம் திரும்பினார்.

"நீதான் கேம் போட்டுப் போட்டு உந்தச் சீடி டிரைவை உடைச்சனி."

"நான் தொடேல்லை, அப்பா."

உண்மையிலேயே தொடவில்லை. ஆனால் அப்பா கத்தத் தொடங்கினால் செய்யாத குற்றமெல்லாம் எனக்கு ஞாபகம் வரும். குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, பொலிஸ் வந்தால் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தேன். பள்ளியில் படித்த பிரெஞ்செல்லாம் ஓடிப்போய், பொன்ஜூரும் மெர்சியும் மட்டும் என்னோடு நின்றன. அந்த இரண்டையும் நம்பிச் சிறைக்குப் போகலாம். திரும்பி வர முடியாது.

ஊரில் அப்பப்பா இறந்திருந்தார். அகதி வழக்கு முடியாததால் அப்பாவால் போக முடியவில்லை. செத்தவீட்டை வீடியோ எடுத்து, சீடியில் போட்டு, மொன்றியல் வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார்கள். கோட்-டெ-நெய்ஜில் எங்கள் இரண்டறை வீட்டில் அதைப் போட்டுப் பார்க்க, யாரோ பாவித்துக் கழித்த அந்த லாப்டாப் மட்டும்தான் இருந்தது. சீடியை உள்ளே தள்ளினால் ஒரு முனகல் கேட்கும், பச்சை விளக்கு மினுங்கும், அடுத்த கணம் டிரைவ் என்று ஒன்றே இல்லை என்று திரை சாதிக்கும்.

"என்ரை ஐயாவின்ரை முகத்தைக்கூடப் பாக்க விடமாட்டன் எண்டுது, சனியன்." அப்பா மேசையில் குத்தினார். தேத்தண்ணீர் கொட்டியது. அதற்கும் நான்தான் காரணம்.

பியர்பொன்ட்ஸிலிருந்து அம்மாவின் தம்பி, என் மாமா, பஸ் மாறி மாறித் திருப்புளியோடு வந்து சேர்ந்தார்.

"அத்தான், கத்தினா லைட் எரியுமோ? கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

டிரைவை இழுத்து வெளியே எடுத்து, லாப்டாப்போடு பொருந்துகிற அதன் பின்பக்கத்து மஞ்சள் பற்களை முகர்ந்து பார்த்தார்.

"அக்கா, இதுக்குள்ளை ஆர் சந்தனம் வைச்சது?"

சரஸ்வதி பூசைக்கு லாப்டாப்பையும் புத்தகங்களோடு படத்துக்கு முன்னால் வைத்திருந்தோம். அன்றைக்கு நான் கள்ளமாகக் கேம் விளையாடக்கூடாதென்று அப்பா டிரைவைக் கழற்றித் தனியாக வைத்தார். தனியாக இருந்ததால் அம்மா அதற்கும் தனியாக ஒரு பொட்டு வைத்தார்.

"படிக்கிற சாமானுக்குப் பொட்டு வைக்காம விடுறதோ?" என்று அம்மா சீறினார். "ஆர் அதைக் கழட்டினது? அவரைக் கேள்."

அவரை யாரும் கேட்கவில்லை. என்னிடம் மன்னிப்பும் யாரும் கேட்கவில்லை. தாழைத் திறந்து, குளியலறைக் கதவிடுக்கில் மூக்கை வைத்தபடி நான் கொதித்துக்கொண்டிருந்தேன்.

மாமா ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் பற்களைத் துடைத்து, டிரைவைச் செருகி, சீடியைப் போட்டார். பச்சை விளக்கு அணையவில்லை. அப்பப்பாவின் முற்றம் வந்தது. பந்தல், வெள்ளை வேட்டிகள், பறைச் சத்தம். கமரா சனத்தை விலக்கிக்கொண்டு மெல்ல, அப்பப்பாவைக் கிடத்தியிருந்த வீட்டுக்குள் போகத் தொடங்கியது.

அப்பா கையை நீட்டி டிரைவைப் பிடுங்கி எடுத்தார்.

"இன்னும் சரிவரேல்லை."

"நல்லாத்தானே ஓடினது," என்று வெளியே பாய்ந்தேன்.

"பழுதெண்டு சொல்லுறன்."

மாமா திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்க்காமல், "ஓம், பழுதுதான். பிறகு பாப்பம்," என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டை விட்டுப் போவதென்று முடிவெடுத்துச் சப்பாத்தை மாட்டினேன். வெளியே பனி கொட்டியது, கழற்றினேன்.

டிரைவ் அலுமாரிக்கு மேலே போனது. அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டுக்கு வந்தவர்கள், "செத்தவீடு பாத்தியளோ?" என்று கேட்டார்கள். "டிரைவ் பழுது," என்பார் அப்பா. "இல்லை, அது நல்லாத்தான் இருக்கு," என்று அவர்கள் முன்னிலையில் நான் ஒவ்வொரு முறையும் திருத்தினேன்.