அமால்ஃபிப் படிகளில் ஓர் இடம்

கடலே இல்லாத இந்த நாட்டில் எனக்கு ஒவ்வொரு நாளும் கடலில்தான் விடிகிறது. எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்கில் நான் கோப்பை கழுவும் ஹோட்டலின் குசினியில், கழுவும் மெசினுக்கு மேலே, சமையல்காரன் பஸ்குவாலே எல்லைக்கு அப்பாலுள்ள தன் ஊர்க் கடலைத் தபாலட்டைகளாக ஒட்டி வைத்திருக்கிறான். ஆவி பட்டு அட்டைகள் சுருளும்போது அவற்றை அழுத்தி ஒட்டிவிட்டு எனக்குப் பாடம் எடுப்பான். அமால்ஃபியில் தேவாலயத்தின் நீண்ட படிக்கட்டில் ஏற வேண்டும். பொசிட்டானோவில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் வீடுகளைக் கடலிலிருந்து பார்க்க வேண்டும். கரையிலிருந்து பார்ப்பவன் மடையன். காப்ரித் தீவின் நீலக் குகையைப் பார்க்காமல் செத்தால் கடவுளே கேள்வி கேட்பார். குகை வாசல் பதிவு, தலை முட்டும் என்பதால் படகில் மல்லாந்து படுத்தால்தான் உள்ளே போகலாம் என்று ஒருநாள் குசினித் தரையிலேயே படுத்துக் காட்டினான்.

எண்பத்துமூன்று கலவரத்துக்கு அடுத்த ஆண்டு, மாதகலில் இருந்து இந்தியக் கரைக்குப் போன படகில் நானும் அப்படிப் படுத்திருந்தேன். மேலே ஹெலிகொப்டர் சுற்றியது. "ஒருத்தரும் அசையாதேங்கோ" என்று ஓட்டி சொன்னபோது யாரோ ஒருவரின் முழங்கால் என் நெஞ்சில் ஏறியிருந்தது. அன்றைக்கும் வானம் நல்ல நீலம். என் முகத்தைப் பார்த்த பஸ்குவாலே, எனக்கு நீந்தத் தெரியாது என்று முடிவு கட்டி, தான் பிடித்துக்கொள்வதாகச் சொன்னான்.

கோடைப் பருவம் முடிந்து ஹோட்டல் பூட்டும்போது தன்னோடு ஊருக்கு வரும்படி அழைத்தான். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்கு அழைத்தால் முகத்துக்கு நேரே மாட்டேன் என்பதில்லை. ஓம், வாறன் என்போம். அது மரியாதைக்கு என்று அழைத்தவருக்கும் விளங்கும். நானும் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் யா, யா, வருகிறேன் என்றேன். ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், அவன் நம்பிவிட்டான். தாய்க்கு டெலிபோன் எடுத்து எனக்குக் கட்டில் போடவும் சொல்லிவிட்டான்.

என்னோடு அறையில் இருந்த சிவமண்ணை கொதித்துப் போனார்.

"உனக்கென்ன விசரோ? அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. எல்லை தாண்டினால் திரும்ப உள்ளுக்கு விடமாட்டாங்கள். பிறகு கொழும்புக்குத்தான் ஏத்துவாங்கள்."

"தெரியும் அண்ணை. காலமை அவனுக்குச் சொல்லுறன்."

"இப்பவே போய்ச் சொல்லு."

சொல்லவில்லை. காலையில் அவன் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றபோது, வழியில் சொல்லலாம் என்று ஏறிவிட்டேன். அந்தக் கடல் எனக்கும் வேண்டியிருந்தது.

மலோயா மலைப்பாதை வளைவுகளில் கார் இறங்க இறங்க நான் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தேன். அவன் வளைவுக்கொரு ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தான். எனக்கோ, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறக்கப்படுகிறவனை எந்தக் கதவால் கூட்டிப்போவார்கள் என்ற நினைப்பு. கஸ்தசேக்னாவில் எல்லைக் கம்பும் சீருடைக்காரனும் தெரிந்ததும் "ஸ்டொப்!" என்று கத்திவிட்டேன்.

எனக்குக் குமட்டிச் சத்தி வருகிறதென்று நினைத்துத் தண்ணீரோடு ஓடிவந்தான். என் அகதி அட்டையைக் காட்டி, எல்லையில் பிடித்துவிடுவார்கள் என்றேன்.

"நீ என் கூட்டாளி. உன்னை ஏன் பிடிக்கிறார்கள்?" என்றான்.

ஆளைப் பிடிக்கக் காரணம் தேவைப்படாத நாட்டிலிருந்து வந்தவன் நான். அதைச் சொல்ல என் ஜெர்மன் போதவில்லை. அம்மா சமைத்து வைத்திருப்பாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு என் பையை இறக்கித் தந்துவிட்டுப் போனான். கடலில் குளிக்கவென்று கொண்டுவந்த துவாயோடு நான் தபால் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன்.

குளிர்காலப் பருவத்துக்குத் திரும்பி வந்தவன் ஒரு படம் தந்தான். அமால்ஃபிப் படிகளில் தாய், தகப்பன், தமக்கைமார், அவன். தாய்க்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கக்கூடிய வெறும் இடம்.

"மம்மா விட்டது. உனக்கு," என்றான்.

அதே கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து தங்கச்சியின் கலியாணப் படமும் வந்தது. எல்லாரும் தோளோடு தோள் நெருங்கி நின்றார்கள். எல்லையில் நின்ற சீருடைக்காரனைவிட அந்தப் படம் என்னைப் பயப்படுத்தியது.

இரண்டையும் மெசினுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். ஆவியில் சுருளும்போது பஸ்குவாலே இரண்டையும் அழுத்திவிடுகிறான். எங்கள் ஊர்ப் படத்தில் எங்காவது ஒரு இடம் விட்டிருக்கிறார்களா என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.